கல்லாவை எட்டிப் பார்த்தால் கடை தெரியுமா?

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன்: அமெரிக்க அரசின் கல்லாவில் முந்தாநாள் சாயங்காலம் எவ்வளவு இருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் காலைக் காப்பியைக் குடித்து முடிப்பேன் என்று. அது என் பழக்கம், அவ்வளவுதான். வங்கியில் வேலை பார்த்த கடைசிப் பன்னிரண்டு வருஷம் மும்பையில் டிரஷரி பிரிவில், அதாவது வங்கியின் பணத்தைச் சந்தையில் கொடுத்து வாங்கும் இடத்தில், உட்கார்ந்திருந்ததால் ஒட்டிக்கொண்ட பழக்கம். ஓய்வு பெற்றும் போகவில்லை. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

அது என்ன கணக்கு ஐயா? அரசின் கையில் பணம் அதிகமாக இருந்தால் அந்த நாட்டின் பொருளாதாரம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?
பொருளியல் மாணவி, மதுரை

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாதம்மா. அந்தக் கல்லா நிரம்பி வழிந்த மாதம் எது தெரியுமா? 2020 ஜூலை. சுமார் 1.8 லட்சம் கோடி டாலர் இருந்தது. அதற்கு முன் அவ்வளவு இருந்ததே இல்லை. மூன்று மாதம் முன்னால், ஏப்ரலில், அந்த நாட்டில் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. கடைகள் பூட்டிக் கிடந்தன. அப்புறம் பணம் எங்கிருந்து வந்தது? கடன். கொரோனா நிவாரணத்துக்கு எப்போது எவ்வளவு தேவைப்படும் என்று தெரியாததால் கடன் பத்திரங்களை விற்று முன்கூட்டியே நிரப்பி வைத்தார்கள்.

மன்னார்குடியில் என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். தீபாவளிக்கு முந்தின வாரம் கல்லாப்பெட்டி திறந்தால் மூடாது. அதில் பாதி, சரக்கெடுக்க வாங்கிய கைமாற்று. ராத்திரி கடை சாத்திய பிறகு சிட்டாவில் எழுதுவார்: இன்றைய வியாபாரம் ஒரு வரி, பழைய பாக்கி வசூல் ஒரு வரி, கைமாற்று ஒரு வரி. கடைசியில் சிவப்பு மையில் இருப்பு. அந்தச் சிவப்பு வரியை மட்டும் பார்த்துவிட்டு ஒருநாள் நான் சைக்கிள் கேட்டேன். அவர் மூன்றாவது வரியைத் தொட்டுக் காட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

நான் பார்க்கும் தாளும் அப்படிப்பட்ட சிட்டாதான். பெயர் டெய்லி டிரஷரி ஸ்டேட்மென்ட். அமெரிக்க நிதித் துறையின் கீழுள்ள ஃபிஸ்கல் சர்வீஸ் என்ற அலுவலகம் ஒவ்வொரு வேலை நாளும் அவர்கள் நேரப்படி மாலை 4 மணிக்கு வெளியிடுகிறது. திங்கட்கிழமைக் கணக்கு செவ்வாய் மாலை வரும். நமக்கு அப்போது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி, அவர்களுக்குக் குளிர்காலமானால் இரண்டரை. ஆகவே புதன் காலைக் காப்பிக்கு எனக்குத் திங்கட்கிழமை கிடைக்கும். உலகின் மிகப் பெரிய கடன்காரரின் கைச்செலவுக் கணக்கு இரண்டே நாளில், இலவசமாக.

முதல் அட்டவணையில், அவர்களுடைய மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வில் அரசு வைத்திருக்கும் கணக்கின் தொடக்க இருப்பு, வரவு, பற்று, முடிவு இருப்பு. டிரஷரி ஜெனரல் அக்கவுன்ட் என்பது அந்தக் கணக்கின் பெயர், சுருக்கமாக டி.ஜி.ஏ. இரண்டாவது அட்டவணையில்தான் விஷயமே இருக்கிறது. எந்த வரி எவ்வளவு வந்தது, ஓய்வூதியம், மருத்துவம், ராணுவச் சம்பளம், வட்டி என்று எதற்கு எவ்வளவு போனது என்று தலைப்பு வாரியாக. மூன்றாவது, கடன் வாங்கியதும் திருப்பியதும். எல்லாம் மில்லியன் டாலரில். கடைசி இலக்கத்தை விட்டுவிட்டுப் படித்தால் கோடி டாலர் வந்துவிடும்.

இருப்பு எண்ணே செய்தியாகும் சந்தர்ப்பமும் உண்டு. அங்கே அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கு நாடாளுமன்றம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2023 ஜனவரியில் அந்த வரம்பு முட்டிவிட்டது. புதுக் கடன் வாங்க வழியில்லாமல் கையிருப்பைக் கரைத்துக்கொண்டே வந்தார்கள். ஜூன் 1 அன்று மாலை கல்லாவில் மிச்சம் சுமார் 2,300 கோடி டாலர். ஜூன் முதல் இரண்டு நாளில் மட்டும் 13,000 கோடி டாலருக்கு மேல் பட்டுவாடா செய்ய வேண்டியிருக்கிறது என்று நிதிச் செயலர் ஜேனட் எலன் ஒரு வாரம் முன்புதான் கடிதம் எழுதியிருந்தார். ஜூன் 5-க்குள் வரம்பைத் தளர்த்தாவிட்டால் தாங்காது என்றும் அதில் சொல்லியிருந்தார். ஜூன் 3 அன்று வரம்பைத் தற்காலிகமாக நீக்கும் சட்டம் கையெழுத்தானது. அந்த வாரம் நான் பேரன் பள்ளிக்கூடத் திறப்பு விஷயங்களை எல்லாம் மறந்து, காலையில் எழுந்ததும் அந்த ஒரு எண்ணைத்தான் தேடினேன் என்பதை என் மகள் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

சரி, இருப்பு பொருளாதாரத்தைச் சொல்லாது என்றால் நீங்கள் தினமும் எதைப் பார்க்கிறீர்கள்?
கணினித் துறை ஊழியர், சோழிங்கநல்லூர்

ஒரே ஒரு எண்ணை. சம்பளத்திலிருந்து பிடித்துக் கட்டிய வரி.

உங்களுக்கு மாதாமாதம் டி.டி.எஸ். பிடிக்கிறார்கள் இல்லையா, அதேதான். அங்கே அதோடு சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவத்துக்கும் செலுத்துகிற தொகையும் சேர்ந்து ஒரே எண்ணாக வரும். இதன் அழகு என்னவென்றால், யாரும் யாரையும் கேட்டு எழுதிய எண் இல்லை இது. வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் என்பது கம்பெனிகளுக்கும் வீடுகளுக்கும் கேள்வி அனுப்பிச் சேகரிப்பது. மாதம் ஒரு தடவை வரும், அப்புறம் இரண்டு மூன்று முறை திருத்துவார்கள். இதுவோ வங்கியில் வந்து விழுந்த பணம். சம்பளம் போட்டால் வரி வரும், போடாவிட்டால் வராது.

ஆனால் தினம் தினம் ஏறி இறங்குவதைப் பார்த்து யாரும் மிரளக் கூடாது. அது சம்பள நாளைப் பொறுத்தது. வரிப் பிடித்தம் ஒரு லட்சம் டாலரை எட்டிவிட்டால் அந்தக் கம்பெனி மறு வேலை நாளே கட்டிவிட வேண்டும். அதனால் பெரிய கம்பெனிகள் வெள்ளிக்கிழமை போட்ட சம்பளத்தின் வரி திங்களன்று கொட்டும். அதற்குச் சின்ன கம்பெனிகள் புதன், வியாழன், வெள்ளியில் சம்பளம் போட்டால் அடுத்த புதனுக்குள் கட்ட வேண்டும். சனி முதல் செவ்வாய் வரை போட்டால் வெள்ளிக்குள். இன்னும் சின்னவர்களுக்கு மறு மாதம் 15 வரை கெடு. ஆக, திங்களை வியாழனோடு ஒப்பிட்டால் நம் ஊர்ச் சந்தை நாளை அமாவாசையோடு ஒப்பிட்ட மாதிரி ஆகும்.

என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. பக்கத்துக்கு ஐந்து கட்டம், திங்கள் முதல் வெள்ளி வரை. ஒவ்வொரு வரிசை ஒரு வாரம். நாலு வாரம், அதாவது இருபது வேலை நாள் கூட்டி, போன வருஷம் அதே கிழமையில் முடிந்த இருபது நாளோடு ஒப்பிடுவேன். தேதிக்குத் தேதி ஒப்பிட்டால் ஒரு பக்கம் மூன்று திங்கள், இன்னொரு பக்கம் நாலு திங்கள் வந்து கணக்கு கெட்டுவிடும். வளர்ச்சி 5 சதவீதம் என்று வந்தால் அதிலிருந்து விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்ப்பேன். பணமாக ஏறியது வேறு, வேலையாக ஏறியது வேறு. கம்ப்யூட்டரில் செய்யலாமே என்று மருமகன் கேட்கிறார். அந்த அலுவலகத்தின் வலைத்தளத்திலேயே பழைய தரவெல்லாம் அடுக்கி வைத்திருக்கிறார்கள், செய்யலாம்தான். கையால் எழுதினால்தான் எனக்கு ஒரு எண் உறுத்தும்.

இந்த எண்ணை வைத்துத் தொழில் செய்தவர்களும் உண்டு. டிரிம்டாப்ஸ் என்ற ஆய்வு நிறுவனத்தை நடத்திய சார்லஸ் பிடர்மன், அரசு சொல்லும் வேலைவாய்ப்புக் கணக்கைவிட இந்த வரிப் பிடித்தமே உண்மையைச் சொல்கிறது என்று வருஷக்கணக்கில் வாதாடிக்கொண்டிருந்தார். எனக்கு அவ்வளவு தூரம் போக மனம் வராது. காரணம், என் தலையில் ஒரு குட்டு விழுந்திருக்கிறது.

2013 ஜனவரி. மூன்றாவது வாரம் என்று ஞாபகம். நோட்டில் எண்கள் எகிறுகின்றன. எனக்குக் கை பரபரத்தது. அமெரிக்காவில் சம்பளங்கள் கிடுகிடுவென ஏறுகின்றன, மற்றவர்கள் கவனிக்கும் முன் நாம் நகர்ந்துவிட வேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். அவரும் படித்துவிட்டு நாலு பேருக்கு அனுப்பிவிட்டார். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பையன் மெதுவாக வந்து நின்றான். "சார், ஜனவரி ஒண்ணாம் தேதியிலிருந்து 4.2 மறுபடி 6.2 ஆகிடுச்சே, அதைக் கழிச்சீங்களா?"

கழிக்கவில்லை. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புக்குத் தொழிலாளி 6.2 சதவீதம், முதலாளி 6.2 சதவீதம் கட்ட வேண்டும். மந்தத்தைச் சமாளிக்க 2011-இலும் 2012-இலும் தொழிலாளியின் பங்கை 4.2 ஆகக் குறைத்திருந்தார்கள். அந்தச் சலுகை 2012 டிசம்பரோடு முடிந்துவிட்டது. கூட்டிப் பாருங்கள்: 10.4 சதவீதமாக இருந்தது 12.4 ஆனது. ஒரு ஆள் புதிதாக வேலைக்குச் சேராமல், ஒருவருக்கும் ஒரு டாலர் சம்பளம் ஏறாமல், அந்தப் பகுதி மட்டும் 19 சதவீதம் பெருத்துவிடும். உண்மையில் தொழிலாளியின் கைக்குப் போன பணம் குறைந்திருந்தது. நான் அதற்கு நேர் எதிராக எழுதியிருந்தேன். அந்தப் பையன் இப்போது பெரிய பதவியில் இருக்கிறான். பார்க்கும்போதெல்லாம் "நாலு புள்ளி ரெண்டு சார்" என்றுதான் கூப்பிடுகிறான்.

2018 பிப்ரவரியில் இதன் மறுபக்கம். வரிச் சட்டம் மாறி, சம்பளத்தில் பிடிக்க வேண்டிய தொகை குறைந்தது. வேலைவாய்ப்பு கூடிக்கொண்டிருந்தபோதே இந்த எண் சோர்ந்து படுத்தது. ஜனவரி முதல் மார்ச் வரை போனஸ் காலம் என்பதால் ஒரு பெரிய முதலீட்டு வங்கி தாராளமாகக் கொடுத்தால்கூட எண் துள்ளும். உங்கள் துறையில் பங்குகளாகத் தரும் சம்பளத்துக்கும் வரி பிடிப்பார்கள். ஆக, கோடீசுவரர் ஒருவரின் பங்கு கைக்கு வந்த நாளும் ஆயிரம் தச்சர்களுக்கு வேலை கிடைத்த நாளும் இந்த வரியில் ஒரே மாதிரித் தெரியும்.

இவ்வளவு குறை சொல்லியும் ஏன் பார்க்கிறேன்? 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் அமெரிக்க அரசு அலுவலகங்கள் முடங்கின. அக்டோபர் 3 அன்று வரவேண்டிய செப்டம்பர் வேலைவாய்ப்பு அறிக்கை நவம்பர் 20 அன்றுதான் வந்தது. அக்டோபர் மாத வேலையின்மை விகிதம் வரவே இல்லை, கணக்கெடுக்கப் போகவே ஆளில்லை. அந்த 43 நாளும் இந்தச் சிட்டா மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அதே நாட்களில் இன்னொரு வேடிக்கை: பட்டுவாடா பல நின்றுபோனதால் கல்லா இருப்பு 1 லட்சம் கோடி டாலரை நெருங்கியது. அரசு ஊழியர் பலர் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்திருக்க, அரசின் பெட்டி மட்டும் வீங்கிக்கொண்டிருந்தது. மதுரை மாணவி இதையும் குறித்துக்கொள்ளவும்.

டிரம்ப் போட்ட இறக்குமதி வரி நிஜமாகவே வசூலாகிறதா? அதையும் இதில் பார்க்க முடியுமா? அந்த வரியைக் கட்டுவது நாங்கள்தான் என்று அங்கே பேசுகிறார்களே?
பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்

வசூலாகிறது. பார்க்கவும் முடியும். வரவு அட்டவணையில் சுங்கமும் சில கலால் வரிகளும் என்று ஒரு தலைப்பு இருக்கிறது. பெரும்பாலான நாள் அது சாதுவாகக் கிடக்கும். மாதத்தில் ஒருநாள் மட்டும் திடீரென்று எழுந்து நிற்கும். பெரிய இறக்குமதியாளர்கள் சரக்கு இறங்க இறங்கக் கட்டாமல், ஒரு மாதச் சரக்குக்குச் சேர்த்து மறு மாதத்தின் பதினைந்தாவது வேலை நாளில் கட்டலாம் என்று அங்கே ஏற்பாடு. அதனால் 21, 22 தேதிவாக்கில் பார்த்தால் போதும். 2025 ஏப்ரல் 22 அன்று ஒரே நாளில் 1,100 கோடி டாலருக்கு மேல் வந்தது. மே 22 அன்று 1,600 கோடியைத் தாண்டியது. ஏப்ரலில் போட்ட வரி மே மாதம்தான் கல்லாவுக்கு வருகிறது என்பதை இந்த இரண்டு எண்ணே சொல்லிவிடும்.

கட்டுவது யார் என்றால், சட்டப்படி அங்கே சரக்கை இறக்குகிற உங்கள் பையர். உங்கள் கணக்கிலிருந்து ஒரு சென்ட் அங்கே போவதில்லை. ஆனால் அவர் அதைக் கட்டிவிட்டு உங்களுக்குப் போன் போட்டு, பீஸுக்கு இத்தனை குறை என்பார். 2025 ஆகஸ்ட் 27-இல் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் ஆனதும் உங்களுக்கு வந்த போன்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பேரம் இந்தத் தாளில் எங்கும் இருக்காது. எந்த நாட்டுச் சரக்குக்கு எவ்வளவு, பனியனுக்கு எவ்வளவு என்ற பிரிவும் இருக்காது. மொத்தம் மட்டும்தான். சரக்கு வரத்து குறைந்து அதனால் எண் இறங்கினாலும், வரி விகிதம் குறைந்து இறங்கினாலும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

ஐயா, எங்கட நாட்டில 2022 இல கையிருப்பு முடிஞ்சுது எண்டு சொன்னது இந்தக் கணக்கைத்தானோ?
ஆசிரியர், யாழ்ப்பாணம்

இல்லை ஐயா. உங்கள் நாட்டில் தீர்ந்தது டாலர். எரிபொருளும் மருந்தும் இறக்க மத்திய வங்கி வைத்திருக்க வேண்டிய அன்னியச் செலாவணி. அதனால்தான் 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்புவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். நான் எழுதுவது ஒரு அரசு தன் சொந்த நாணயத்தில் வைத்திருக்கும் நடப்புக் கணக்கை. அமெரிக்காவுக்கு இரண்டும் டாலர்தான் என்பதால் இந்தக் குழப்பம் அங்கே வருவதில்லை. அதுவே அவர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி.

நம் அரசுக்கு இப்படி ஒரு தினக்கணக்கு வருகிறதா?
ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

வருகிறது, ஆனால் கதவை ஒரு விரல் அளவுதான் திறப்பார்கள். ரிசர்வ் வங்கி தினமும் பணச் சந்தை நடவடிக்கைகள் பற்றி ஓர் அறிவிப்பு போடுகிறது. அதன் அடிப்பகுதியில், ஏலத்துக்காகக் கணக்கில் கொள்ளப்பட்ட மத்திய அரசின் உபரி ரொக்கம் இத்தனை கோடி என்று ஒரு வரி இருக்கும். அவ்வளவுதான். எந்த வரியில் வந்தது, எதற்குப் போனது என்ற பிரிவு கிடையாது. அதற்கு மாதக் கணக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். தமிழக அரசு உள்பட மாநிலங்களுக்கும் தலைமைக் கணக்காயர் வெளியிடும் மாதக் கணக்குதான்.

ரிசர்வ் வங்கியில் மத்திய அரசு தினமும் குறைந்தது 10 கோடி ரூபாய் இருப்பு வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் 100 கோடி. ரிசர்வ் வங்கியின் வாரக் கணக்கு வெள்ளியன்று முடிவதால் அன்றைக்குக் கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று வைத்தார்களோ என்னவோ! 45 லட்சம் கோடிக்கு மேல் வருஷம் செலவழிக்கும் வீட்டுக்கு 10 கோடி என்பது சட்டைப்பையில் நாலணா. இருப்பு குறைந்தால் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலக் கைமாற்று வாங்கிக்கொள்ளலாம், அதற்கு வரம்பும் வட்டியும் உண்டு. 1997-க்கு முன் கதையே வேறு. இருப்பு குறைந்தால் தானாகவே 91 நாள் கடன் பத்திரம் எழுதி, ரிசர்வ் வங்கியிடமிருந்து பணம் வந்துவிடும். அப்பா இருந்திருந்தால் அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருப்பார்.

எங்கள் டீலிங் ரூமில் இந்தக் கல்லாவின் மூச்சு நன்றாகக் கேட்கும். மாதம் 20 அன்று ஜி.எஸ்.டி. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் 15 அன்று முன்கூட்டிய வரி. இந்த நாட்களில் கம்பெனிகளின் பணம் வங்கிகளிலிருந்து அரசுக் கணக்குக்குப் போய்விடும். வங்கிகளுக்குத் தொண்டை வறளும், ஒருநாள் கடன் வட்டி ஏறும். மாதக் கடைசியில் அரசு சம்பளமும் ஓய்வூதியமும் போட்டதும் மறுபடி ஈரமாகும். அந்த ஒருநாள் கடனைக் 'கால் மணி' என்போம். "கால் மணி இன்னிக்கு ரொம்ப டைட்" என்று நான் வீட்டில் போனில் பேசுவதைக் கேட்டு, கால் மணி நேரத்தில் அப்படி என்ன வேலை என்று என் மனைவி பல வருஷம் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆக, நம் ஊர் எண் வங்கிகளின் கைநிலையைச் சொல்லும். நாட்டில் சம்பளம் ஏறுகிறதா என்று சொல்லாது. உங்கள் ஓய்வூதியம் ஏன் தாமதம் என்று கடிதத்தின் அடியில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கருவூலத்தில் உயிர்ச்சான்று கொடுத்தீர்களா என்று பாருங்கள்.

டி.ஜி.ஏ. குறைந்தால் பங்குச் சந்தை ஏறும், நிரம்பினால் விழும் என்று யூடியூபில் ஒருவர் படம் போட்டு விளக்குகிறார். வாங்கலாமா?
சிறு முதலீட்டாளர், ஓசூர்

அவர் சொல்வதில் பாதி நிஜம். அதுதான் ஆபத்து. அரசுக் கணக்கு நிரம்பும்போது அந்தப் பணம் வங்கிகளின் கையிருப்பிலிருந்துதான் போகிறது. 2019 செப்டம்பர் 16 அன்று கம்பெனிகளுக்குக் காலாண்டு வரி கட்டும் நாள். அதே நாளில் புதிதாக விற்ற கடன் பத்திரங்களுக்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது. இரண்டு நாளில் வங்கிகளின் கையிருப்பில் 10,000 கோடி டாலருக்கு மேல் அரசுக் கணக்கு உறிஞ்சிவிட்டது. மறுநாள் 17 அன்று, பத்திரத்தை அடகு வைத்து வாங்கும் ஒருநாள் கடனின் வட்டி 5.25 சதவீதம். மத்திய வங்கி இருக்கச் சொன்ன வட்டி 2-க்கும் 2.25-க்கும் நடுவில். மத்திய வங்கியே பணத்தோடு ஓடிவர வேண்டியதாயிற்று. இவ்வளவும் நடந்தது பொருளாதாரம் சரிந்ததால் இல்லை. வரி கட்டும் தேதியால்.

ஆனால் 2023 ஜூனைப் பாருங்கள். முன்னே சொன்ன அந்த 2,300 கோடியிலிருந்து கல்லாவை மளமளவென்று நிரப்பினார்கள். படம் போட்டவர்களின் கணக்குப்படி சந்தை விழுந்திருக்க வேண்டும். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் ஏறியது. பணச் சந்தை நிதிகள் (பொதுமக்கள், கம்பெனிகளின் பணத்தைத் திரட்டிக் குறுகிய காலக் கடனாகப் போட்டு வைப்பவை) மத்திய வங்கியில் 2 லட்சம் கோடி டாலர் போட்டு வைத்திருந்தன. அந்தப் பணம் புதுப் பத்திரங்களுக்கு வந்துவிட்டதால் வங்கிகளின் கையை அவ்வளவாகக் கடிக்கவில்லை.

ஏப்ரல் மாத வசூலை வைத்து ஜோசியம் சொல்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். ஏப்ரல் 15-ஐ ஒட்டி வருவது போன வருஷ லாபத்துக்கான வரி. 2022 ஏப்ரலில் செலவு போக 30,800 கோடி டாலர் மிஞ்சியது, அதுவரை எந்த மாதமும் இல்லாத உபரி. அது 2021-இல் பங்கு விற்றவர்கள் கட்டியது. அந்த ஏப்ரலிலேயே சந்தை இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஏப்ரலில் வசூல் படுத்ததும் மந்தம் வந்துவிட்டது என்றார்கள். லாபம் குறைந்தது ஒரு காரணம். கலிபோர்னியாவில் புயல் மழையால் பெரும்பாலான மாவட்டங்களுக்கு வரி கட்டும் கெடுவை அக்டோபருக்குத் தள்ளி வைத்திருந்தார்கள் என்பது இன்னொரு காரணம். அவ்வளவு பணக்கார மாநிலம் ஏப்ரலில் கட்டாவிட்டால் எண் என்ன செய்யும்?

வாங்கலாமா என்று கேட்டீர்கள். இதை வைத்து வாங்காதீர்கள்.

எனக்கும் ஆசையாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?
பிளஸ் டூ மாணவர், தேனி

ஒரு நோட்டு வாங்கு தம்பி. எடுத்த எடுப்பில் எல்லா வரியையும் எழுதாதே, ஒரு வாரத்தில் சலித்துவிடும். சம்பளத்தில் பிடித்த வரியை மட்டும், அதுவும் புதன்கிழமைக் கணக்கை மட்டும், ஒரு வருஷம் எழுது. பக்கத்தில் இரண்டு விரல்கடை மார்ஜின் விடு. வரிச் சட்டம் மாறினால், புயல் அடித்தால், அலுவலகம் முடங்கினால் அங்கே எழுதிக்கொள். என் நோட்டில் எண்களைவிட மார்ஜினில்தான் எழுத்து அதிகம். டிசம்பர் கடைசி வாரமும் ஜனவரி முதல் இரண்டு வாரமும் கோணல்மாணலாக இருக்கும், எழுது, ஆனால் நம்பாதே.

இன்னொன்று. அங்கே அரசு விடுமுறை என்றால் அன்றைக்குக் கணக்கும் கிடையாது, அறிக்கையும் கிடையாது. நவம்பர் 11 அவர்களுக்கு முன்னாள் படைவீரர் தினம், அதே மாதம் நாலாவது வியாழன் நன்றி நவிலும் நாள். போன வருஷம் அந்த நாட்களில் மூன்று வாசகர்கள் 'வலைத்தளம் கெட்டுவிட்டது' என்று எனக்குப் போன் செய்தார்கள். அதில் ஒருவர் காலை ஐந்தரைக்கு.